பாம்பு ராணி படத்தில் ஒரு கல்யாணம்

இன்று லுக்குட் டவுனுக்குப் போகும் பஸ்ஸில் சரோஜாவோடு சண்டை. அந்த நாளில் தோட்டத்து லய வீட்டு வரிசையில் எங்களுக்குப் பாம்பு ராணி கதைப் புத்தகத்தை வாசித்துக் காட்டியவள் அவள்தான். இப்போது அது படமாகி வீடியோவில் வந்திருக்கிறது.

ராணி பிள்ளையைப் பிரியும் இடத்தைக் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிட்டார்கள். அரண்மனைச் சமையற்காரன் கல்யாணத்துக்கு மட்டும் மூன்று பாட்டு!

“கதையில இல்லாத கல்யாணத்த எவன்டி சேத்தான்?” என்றேன்.

“புத்தகத்துல இருக்குலா அக்கா. நீங்கெல்லாம் ராணிக்காக அழுதுகிட்டு இருந்தீங்க. நான்தான் அத வாசிக்காம தாண்டிட்டேன்.”

பஸ்ஸே சிரித்தது.

இத்தனை வருஷமாக ஒரு வரி மறக்காமல் நான் வைத்திருந்தது சரோஜாவின் கதையாம். அவளை நான் மன்னிப்பதாக இல்லை.

உங்களுக்கு வாசித்துக் காட்டியவர்கள் எதையெல்லாம் தாண்டினார்கள்? கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.