மாடு இல்லாத வண்டி

போன மாதம் என் மகள் கைபேசியில் ஒரு வீடியோப் படம் காட்டினாள். எங்கேயோ ஒரு பனிமலை. சறுக்குக் கட்டையின் மேல் ஒரு நாற்காலி. அதில் பட்டை போட்டுக் கட்டி ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் ஒருத்தன் வாரைப் பிடித்தபடி சறுக்கிக்கொண்டே வருகிறான். அந்தப் பெண்ணுக்கும் என் மகளுக்கு இருக்கிற அதே மூளை முடக்குவாதம்தானாம். கை அதே மாதிரி மடங்கியிருந்தது. சிரித்தால் வாய் அதே மாதிரி ஒரு பக்கமாகப் போனது. இவர்களுக்கென்று போட்டி வைத்து மெடல்கூடக் கொடுக்கிறார்களாம்.

“இது இன்னா பெரிய அதிசயம்? நான் அப்பவே செஞ்சிட்டேன். ஒரு தகரம், ஒரு மூங்கில் கூடை, நாலு போல்ட்டு” என்றேன்.

மகள் என்னை முறைத்தாள். அந்தக் கதையில் அவளுடைய பங்கை நான் எப்போதும் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்வேன், அதற்காகத்தான் முறைப்பு. இன்றைக்கு முழுசாக எழுதிவிடுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதியில் நின்றது. பதினோரு வயதில் கொல்லன் பட்டறையில் துருத்தி ஊதப் போனவன், இருபத்தெட்டில் கள்ளக்குறிச்சியில் சொந்தப் பட்டறை போட்டேன். சுற்றுவட்டாரத்தில் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன டயர் வண்டிகளில் பாதி என் கை பட்டவை. மீதிப் பாதி, என் வண்டியைப் பார்த்து மற்றவர்கள் செய்தவை. மணலூர்பேட்டையிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்து என் பட்டறை வாசலில் காத்துக்கிடப்பார்கள். நான் செய்த வண்டி ஒன்றுகூடக் குடை சாய்ந்ததில்லை. படித்த எஞ்சினீயர் ஒருவர் வந்து அச்சைத் தட்டிப் பார்த்து, எங்கே படித்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். இங்கேதான் என்று பட்டறைத் தரையைக் காட்டினேன்.

என் ரகசியம் ஒன்றே ஒன்றுதான். முன்பாரம். வண்டியில் பாரம் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் விழ வேண்டும். அப்போதுதான் நுகத்தடி மாட்டின் கழுத்தில் பதிந்து உட்காரும். பாரம் பின்னால் போனால் நுகத்தடி மேலே எழும்பும், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். இதை என் பட்டறையில் எவன் மறந்தாலும் அன்றைக்கு அவனுக்கு என் வாயில் பூசை நடக்கும். சொந்தப் பட்டறை போட்ட நாளிலிருந்து இதில் ஒரு இன்ச்சுகூட நான் தவறியதில்லை.

என் மகள் பிறந்ததும் அழவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் அழுதாள். வளர வளரக் கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிக்கொண்டன. சந்தோஷம் வந்தாலும் பயம் வந்தாலும் இடது கை தன் பாட்டுக்கு வெளியே பாயும். பேச்சு மெதுவாக இழுத்து இழுத்து வரும், ஆனால் வந்தால் சுருக்கென்று குத்தும். புத்தியில் என்னைத் தூக்கிச் சாப்பிடுவாள். அவளுக்குச் செய்யாத வைத்தியம் இல்லை. தாயத்து, கஷாயம், மண்ணில் குழி வெட்டி நிற்க வைப்பது என்று எல்லாம் ஆனது. யார் எதைச் சொன்னாலும் என் மனைவி மூட்டை கட்டிவிடுவாள்.

மகளுக்குப் பதினாலு வயதானபோது கல்வராயன் மலையில் ஒரு ஊருக்குத் தகர ஷெட் போடப் போனேன். அதே ஊரில் கால் முடக்குக்கு எண்ணெய் காய்ச்சுகிற வைத்தியர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, மனைவியும் மகளும் லாரியில் கூடவே வந்தார்கள். ஷெட்டுக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் எங்களுக்குத் தங்க இடம் கொடுத்தாள். எங்களை இறக்கிவிட்டு லாரி கீழே போனது. திரும்பி வரவில்லை.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த சமயம் அது. கீழே ரோட்டோரப் புளியமரங்களையெல்லாம் வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. ரேடியோவில் துப்பாக்கிச் சூடு என்று சொன்னார்கள். என் பட்டறை ஆட்கள் இரண்டு பேர் மறியலுக்குப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் நல்லபடியாக வீடு திரும்பினார்கள் என்று தெரிகிற வரைக்கும் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. ஷெட் வேலை மூன்றே நாளில் முடிந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் ஆறு நாள் ஆகியிருக்கும். அதற்கப்புறம் மலையில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மகளுக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. காலையும் மாலையும் எண்ணெய். தலையிலிருந்து கால் வரைக்கும் தேய்த்து வெயிலில் கிடத்திவிடுவார்கள்.

“நான் இன்னா... ஊறுகாயா?” என்று கேட்டாள். வைத்தியருக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

அவளைக் கிடத்திய இடத்துக்கு எதிரே ஒரு புல் சரிவு இருந்தது. மேலே சாமைக்காடு, கீழே அறுத்து முடித்த வெறும் காடு. மலைக்காரர்கள் கவை உள்ள கிளையை வெட்டி, அதன் மேல் மூங்கில் தட்டி கட்டி இழுவையாக்கி, சாமைக் கதிர்க்கட்டை ஏற்றி அந்தச் சரிவில் இழுத்துக்கொண்டு வருவார்கள். அதனால் சரிவில் கல்லோ கட்டையோ இருக்காது. மழை பெய்து புல் வழவழப்பாக இருக்கிற நாளில், வீட்டுக்கார அம்மாளும் மற்றப் பெண்களும் மேலே ஏறி, காலி இழுவையில் உட்கார்ந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கத்திக்கொண்டே சறுக்கி வருவார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட.

இரண்டு நாள் என் மகள் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். மூன்றாம் நாள் சொன்னாள். “ப்பா. நானும்.”

“இன்னாடி நீயும்? உக்கார வெச்சா சாயற, இதுல சறுக்கணுமா? கைகால் ஒடஞ்சா யார் பாக்கறது?” என்றாள் மனைவி.

“இப்ப மட்டும்... ஒடயாமயா... கீது?” என்றாள் மகள்.

எனக்கு அதற்குமேல் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. “ஒரு டயர் வண்டியே பண்ணவன் நான். எம்பொண்ணுக்கு ஒரு சறுக்கு வண்டி பண்ண மாட்டேனா? சாயங்காலம் ரெடி” என்று எழுந்தேன்.

ஷெட்டில் மிஞ்சிய தகரத்தின் முன்பக்கத்தை முறம் மாதிரி மேலே வளைத்தேன். விளிம்பெல்லாம் மடித்துத் தட்டினேன், கை கிழியக் கூடாது. வீட்டுக்கார அம்மாள் கொடுத்த மூங்கில் கூடையை ஒரு பக்கம் அறுத்து நாற்காலி ஆக்கினேன். சாய்வதற்குச் சாக்கு மெத்தை, இடுப்புக்கும் நெஞ்சுக்கும் சைக்கிள் டியூப் பட்டை. பின்னால் ஒரு கயிறு, அதைப் பிடித்துக்கொண்டு நான் ஓடி வருவேன். ஊரே கூடிவிட்டது. எத்தனை அழகான வேலை அது! கூடையை எங்கே வைப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. முன்பாரமாக வைத்து போல்ட்டை இறுக்கினேன்.

மகளைக் கட்டி உட்கார வைத்தோம். இடது கை ஏற்கெனவே பாய ஆரம்பித்திருந்தது. தள்ளினேன். பத்தடி போவதற்குள் தகரத்தின் மூக்கு மண்ணில் குத்தி நின்றது. மகள் முகமெல்லாம் சேறு.

“ஐயோ! கட்ட அவுருங்க முதல்ல!” என்று மனைவி அலறினாள்.

“சரிவு சரியில்ல” என்றேன்.

இன்னும் மேலே ஏற்றித் தள்ளினேன். மறுபடியும் குத்தியது. இந்த முறை வாயிலும் சேறு. துப்பிவிட்டு மகள் சொன்னாள். “கூடைய... பின்னால தள்ளு.”

“பின்பாரமா? என் வண்டியிலயா? நடக்காது.”

“ஏங்க, அதுதான் சொல்லுதில்ல, கொஞ்சம் தள்ளி வெச்சாத்தான் இன்னா?” என்றாள் மனைவி. வண்டியே வேண்டாம் என்றவள் அவள்தான்!

“உனக்கு இன்னா தெரியும்? முன்பாரம் இல்லன்னா நுகத்தடி தூக்கிக்கும்.”

மகள் சேற்று முகத்தோடு என்னைப் பார்த்தாள். வார்த்தை வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஊரே காத்திருந்தது.

“மாடு... எங்கப்பா?”

முதலில் வீட்டுக்கார அம்மாள் சிரித்தாள். அப்புறம் வைத்தியர். அப்புறம் சரிவு முழுக்கச் சிரிப்பு. “மேஸ்திரியண்ணே, மாட்ட எங்க கட்டி வெச்சிக்கீறீங்க?” என்று ஒருத்தி கேட்டாள். என் மனைவியும் சிரித்தாள். மலைக்கு வந்து அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள், அதனால் பொறுத்துக்கொண்டேன். ஸ்பேனரை எடுத்து போல்ட்டைக் கழற்றிக் கூடையை ஒரு முழம் பின்னால் நகர்த்தினேன். கை கழற்றியது, மனசு வரவில்லை.

மூக்கு எழும்பியது. வண்டி புல்லில் வழுக்கிக்கொண்டு பறந்தது. நான் கயிற்றைப் பிடித்தபடி பின்னால் ஓடினேன். பாதிச் சரிவில் அவள் இடது கை பாய்ந்து புல்லைத் தொட்டது, வண்டி இடது பக்கம் திரும்பப் பார்த்தது. நான் நேராக இருக்கட்டும் என்று கயிற்றை இழுத்தேன். வண்டி ஒரு பக்கமாகத் தூக்கிச் சாயப்போனது. பதறிப்போய் நிறுத்தினேன்.

“போதும்” என்றாள் மனைவி.

“நான்தான்... கைய... வுட்டேன்” என்றாள் மகள். “திருப்ப. நீ... இழுத்துட்ட. கயித்த... வுடு.”

பதினாலு வருஷமாக அந்தக் கையை இழுத்துக் கட்டுவதற்குத்தான் ஊர் ஊராக அலைந்தோம். அவள் அதையே துடுப்பு மாதிரி போட்டுத் திருப்புகிறாள்! எனக்குப் பயமாகத்தான் இருந்தது. மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “வுட மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க” என்றாள். நான் வண்டிக்காரனாக யோசித்துப் பார்த்தேன். முன்னால் ஒருத்தர் ஓட்டப் பின்னால் ஒருத்தர் இழுத்தால் எந்த வண்டியும் கவிழும். இரண்டில் ஒருத்தர்தான் ஓட்ட முடியும்.

மறுபடி உச்சிக்கு ஏற்றினோம். தள்ளிவிட்டுப் பத்தடி ஓடி, கயிற்றை விட்டேன்.

அவள் கத்தியது கீழ்க்காடு வரைக்கும் கேட்டது. பயக் கத்தலா, சந்தோஷக் கத்தலா என்று மேலே நின்ற எங்களுக்குத் தெரியவில்லை. பாதியில் கை வெளியே பாய்ந்தது. வண்டி இடது பக்கம் வளைந்தது, நிமிர்ந்தது, மறுபடி வளைந்தது. அறுத்த காட்டில் போய் மெதுவாக நின்றபோது அவள் முகம் எங்களைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நாங்கள் விழுந்தடித்து ஓடினோம். என் மனைவி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, அவள் கையைக் காலைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

“இன்னொரு... தபா” என்றாள் மகள்.

ரோடு திறக்கிற வரைக்கும் தினமும் அதே வேலைதான். வீட்டுக்கார அம்மாள் இழுவையிலும் என் மகள் தகரத்திலுமாகப் போட்டி வைத்தார்கள். முதல் நாள் மகள் தோற்றாள். இரண்டாம் நாளும் தோற்றாள். வெயிலில் புல் காய்ந்து தகரம் ஒட்டிக்கொள்கிறது என்று கண்டுபிடித்தவள் என் மனைவி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய் வைத்தியரின் எண்ணெய்ச் சட்டியை எடுத்துவந்து, தகரத்தைக் கவிழ்த்து, அடிப்பக்கம் பூராவும் வழியவழியத் தேய்த்தாள். காலுக்கு எப்படித் தேய்ப்பாளோ அப்படியே, அதே பொறுமையோடு. அன்றைக்கு மகள் ஜெயித்தாள். வைத்தியர்கூடக் கை தட்டினார்.

இதுதான் முழுக்கதை. வண்டி நான் செய்தது. அது ஓடியது அவளால். இதற்குமேல் இறங்கிவர என்னால் ஆகாது.

மெடல் படத்தைப் பார்த்த மறுநாளே அவள் பட்டறைக்கு வந்துவிட்டாள். இப்போது ஐம்பது தாண்டிவிட்டது, சக்கர நாற்காலியில்தான் வருவாள். சாமை அறுப்புக்கு மலைக்குப் போக வேண்டுமாம். எனக்கு எண்பது நெருங்குகிறது, இருந்தாலும் தகரம் வாங்கிப் போட்டுவிட்டேன். கூடை எங்கே வர வேண்டும் என்று அவளே சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறாள். நேற்று அவள் அந்தப் பக்கம் திரும்பியபோது ஒரு இன்ச் முன்னால் நகர்த்திப் பார்த்தேன், பழக்கதோஷம். அவள் திரும்பிப் பார்த்து முறைத்தாள். திருப்பி வைத்துவிட்டேன்.

என் மனைவி வீட்டில் எண்ணெய் டப்பாவைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.