உப்பளத்து வீட்டைப் பற்றி நான் சொன்னது

வீட்டுத் தரகு வேலைக்கு நான் வந்தது தற்செயல்தான். பத்திரம் எழுதுகிற ஒருவரிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர், "நல்ல வீடு எதுனா இருந்தா சொல்லும்மா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இரண்டு பேருக்குச் சொன்னேன். இரண்டும் முடிந்தது. அப்புறம் ஒரு பழைய ஸ்கூட்டரும் சாவிக்கொத்துமாகப் புதுச்சேரித் தெருக்களில் இறங்கிவிட்டேன்.

பெண் புரோக்கர் என்பதால் வீட்டுப் பெண்கள் என்னிடம் தனியாகப் பேசுவார்கள். ஆண்கள் பட்டாவையும் வில்லங்கத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவர்கள் என்னைச் சமையலறைக்குள் கூட்டிப்போய், பகலில் தண்ணீர் வருமா, பக்கத்து வீட்டுக்காரர் குடிப்பாரா என்றெல்லாம் கேட்பார்கள். ஒளிக்காமல் சொல்லுவேன். ஊரில் எனக்கு இருந்த பெயரே அதனால் வந்ததுதான். அந்தப் பெயரை நான் ஒருமுறை விற்றேன்.

உப்பளம் பகுதியில் ஒரு சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். பெரியவர் இறந்துபோய், பிரான்சில் இருந்த மகன் வீட்டை விற்க வந்திருந்தார். நல்ல மனிதர். முதல் நாளே சொல்லிவிட்டார்.

"மேடம், கார்த்திகை மழைக்கு இங்க உள்ள தண்ணி வந்துரும். முழங்கால் அளவு நிக்கும். அப்பா அதுக்குத்தான் பிளக் பாயிண்டெல்லாம் இவ்ளோ மேல வச்சாரு. வாங்கறவங்க கிட்ட சொல்லிடுங்க. ஆனா நான் ஊருக்குத் திரும்பறதுக்குள்ள முடிச்சுக் குடுங்க."

இரண்டு பேரிடம் சொன்னேன். இருவரும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலோடு திரும்பிவிட்டார்கள். அவர் கிளம்ப ஒரு வாரம்தான் இருந்தது. அந்த வருஷம் எனக்கு எதுவுமே முடியவில்லை. பத்திரம் வரை வந்த மூன்று வீடுகள் கடைசி நேரத்தில் கைநழுவிப் போயிருந்தன. இதையெல்லாம் காரணமாகச் சொல்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.

மூன்றாவதாக வந்தவர்கள் மெத்தை தைத்து விற்கிற ஒரு முஸ்லிம் குடும்பம். கணவருக்குக் கடைத்தெருவில் சின்னக் கடை. கூட அவருடைய வயதான அப்பா, அவர்கள் கூப்பிடுகிற மாதிரிச் சொன்னால் அத்தா; பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள். கல்யாண ஆர்டர்களுக்குக் கடையில் இடம் போதாமல், முன் அறையில் வைத்துத் தைப்பதற்கு வசதியாகத் தரை வீடுதான் வேண்டும் என்று ஒரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். வீடு பார்க்க அந்த அம்மாவை மட்டும் அனுப்பினார் கணவர். "அவ பாத்து சரின்னா சரிதான்" என்று போனில் சொன்னார்.

சித்திரை மாதம். நடுமத்தியானத்துக்கு வரச் சொன்னேன். அந்த வெயிலில் தெருவில் யாரும் இருக்க மாட்டார்கள், பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் சொன்னேன்.

அந்த அம்மாவுக்கு வீடு பார்த்தவுடனே பிடித்துவிட்டது. முன் அறையின் நீளத்தைக் காலடியால் அளந்து பார்த்தாள். பஞ்சு மூட்டை இந்தப் பக்கம், தையல் மிஷின் அந்த ஜன்னலோரம் என்று கையால் காட்டிக்கொண்டே வந்தவள் சுவரைப் பார்த்து நின்றாள்.

"ஏங்க்கா, பிளக் எல்லாம் தோளு உசரத்துல இருக்கு?"

எனக்கு ஒரு கணம்தான் இருந்தது.

"சின்னப் புள்ளைங்க கைக்கு எட்டக் கூடாதுன்னு வச்சிருக்காங்கம்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்து என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நீங்களும் ஒரு பொம்பள. உண்மையச் சொல்லுங்க. மழைக்குத் தண்ணி கிண்ணி உள்ள வருமா?"

"முன்னாடி வருமாம். இப்பத்தான் புது வாய்க்கால் கட்டறாங்களே, இனிமே வராது" என்றேன். வாய்க்கால் கட்டிக்கொண்டிருந்தது உண்மை. பாதியில் நின்று, கம்பி துருப்பிடித்துக் கிடந்ததும் எனக்குத் தெரியும்.

அவர்கள் குடிவந்த முதல் வருஷம் மழை பொய்த்தது. நான் தப்பித்துவிட்டதாக நினைத்தேன். அந்தத் தெரு வழியாகப் போவதைக்கூட நிறுத்தியிருந்தவள், மெல்லப் போகத் தொடங்கினேன். அவள் என்னைப் பார்த்தால் உள்ளே கூப்பிட்டு டீ கொடுப்பாள்.

அடுத்த கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை, போகாமல் இருக்க முடியவில்லை. ஸ்கூட்டரைப் பெரிய சாலையிலேயே விட்டுவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தேன். தெரு முழுக்கச் சாக்கடையும் மழையும் கலந்த கறுப்புத் தண்ணீர்.

முன் அறையில் முழங்கால் அளவு நின்றது. அத்தாவைக் கட்டிலோடு செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். பிள்ளைகள் இருவரும் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தார்கள். தை மாதக் கல்யாணங்களுக்காக வாங்கி வைத்திருந்த இலவம் பஞ்சு மூட்டைகள் ஊறிக் கிடந்தன. காற்றில் பறக்கிற பஞ்சு, ஒரு மூட்டையை இரண்டு பேர் சேர்ந்தும் அசைக்க முடியாதபடி கனத்தது. கணவர் மூட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே கத்திக்கொண்டிருந்தார். என்னிடம் அல்ல.

"ஒரு வூடு பாத்துட்டு வான்னு அனுப்பினா, நாலு பேர விசாரிக்கத் தெரியாதா ஒனக்கு? நீ சொன்னேன்னுதான வாங்கினேன்!"

அவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். "வாங்கக்கா, பாத்து வாங்க, படி வழுக்கும்" என்றாள்.

அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்க வேண்டும். அவங்க கேட்டாங்க, நான்தான் மறைச்சேன் என்று. நாலு வார்த்தை. நான் மூட்டையின் இன்னொரு முனையைப் பிடித்துத் தூக்கினேன். சாயங்காலம் வரை தண்ணீர் இறைத்தேன். கடையிலிருந்து எல்லோருக்கும் இட்லி வாங்கி வந்தேன். கணவர் கைகூப்பி, "நீங்க இவ்ளோ தூரம் வந்து ஒத்தாச பண்றது பெரிய விஷயம்ங்க" என்றார்.

அவர்கள் கோரிமேட்டுப் பக்கம் ஒரு மாடி வீட்டுக்கு வாடகைக்குப் போனார்கள். கொஞ்ச நாளில் அவளே எனக்குப் போன் செய்தாள். வீட்டை விற்றுக் கொடுக்கச் சொன்னாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு. வர்றவங்க கிட்ட தண்ணி வரும்னு சொல்லிடுங்க. வித்தா விக்கட்டும், இல்லன்னா கெடக்கட்டும்."

அவள் குரலில் குத்தல் இல்லை. குத்தியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். "சரிம்மா" என்று மட்டும் சொன்னேன்.

வருகிறவர்கள் எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் போனார்கள். ஒன்றரை வருஷம் கழித்து, இடித்துவிட்டுத் தூண் போட்டு உயர்த்திக் கட்டிக்கொள்கிறேன் என்ற ஒருவர் மனை விலைக்கு வாங்கினார். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துக்காகக் காத்திருந்தபோது, கணவர் அந்த ஆளிடம் என்னைக் காட்டிச் சொன்னார்.

"மேடம் கையில குடுத்தா பயப்பட வேணாம். எதையும் மறைக்க மாட்டாங்க. எங்க வூட்லதான் கேக்கத் தெரியாம வாங்கிட்டா."

அவள் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். பர்தாவின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் கையிலிருந்த கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மழைநாளில் வாய் வராததற்குப் பதற்றம் என்று சாக்கு இருந்தது. அன்றைக்கு அதுவும் இல்லை.

இப்போது வீடு காட்டும்போது நானே சொல்லிவிடுகிறேன். வெயில் காலத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஃபிரிட்ஜுக்குக் கீழே உயரமான ஸ்டாண்டு இருந்தால் ஏன் என்று கேளுங்கள். இரும்புக் கேட்டின் அடியில் ஒரே மட்டத்தில் துரு ஏறியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். என்னை நம்பி மட்டும் வாங்காதீர்கள். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். அடக்கமாகப் பேசுவதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது அவர் கடைக்குள் நுழைந்துவிட்டேன். யோசித்து வைத்துப் போகவில்லை. அவர் தனியாக இருந்தார். ஒரு மெத்தையின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க வீட்டம்மா அன்னிக்கு என்னெக் கேட்டாங்க. தண்ணி வருமான்னு கையப் புடிச்சிக் கேட்டாங்க. எனக்குத் தெரியும். வராதுன்னு பொய் சொன்னேன்."

ஊசி பாதியில் நின்றது. அதை மெத்தையிலேயே குத்திவிட்டு நிமிர்ந்தார்.

"அவ இத ஒரு நாளும் சொல்லலயே" என்றார். பிறகு, "இத்தினி நாளா நான் அவள..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"நீங்க போங்க மேடம்."

வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பினேன். அவர் வீட்டுக்குப் போய் அவளிடம் என்ன சொன்னார், சொன்னாரா இல்லையா, எனக்குத் தெரியாது. அவள் நம்பர் என் போனில் இருக்கிறது. கூப்பிட்டுக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. அவளும் கூப்பிடவில்லை.