மூடிய பெட்டியின் படம்

அந்த வியன்னாக் கிழவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. செத்துப்போன மனிதரைத் திட்டக்கூடாதாம். திட்டினால் என்ன, எழும்பி வருவாரா? வரட்டும். கேட்க இன்னும் நிறைய இருக்கிறது.

ரொறன்ரோவில் ஸ்பதைனாப் பக்கம் அவருக்கு ஒரு ஸ்ரூடியோ இருந்தது. எண்பத்தைந்தாம் ஆண்டு நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அகதி மனுவுக்குப் படம் எடுக்க இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களோடு தமிழில் கதைக்க அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. படங்களை அளவாக வெட்டி உறையில் போட்டுக் கொடுப்பதும் என் வேலைதான்.

கிழவர் யூதர். ஹிட்லருக்குத் தப்பி இங்கிலாந்துக்கு ஓடியவர். அங்கே, ஜெர்மன் பேசுகிற ஆள் என்று பிடித்துக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பி, காட்டுக்குள் முள்வேலி போட்டு அடைத்து வைத்தார்களாம். "ஹிட்லரிடமிருந்து தப்பியவனை ஹிட்லரின் ஆள் என்று பூட்டி வைத்த நாடு இது," என்பார். எங்களைத் தாறுமாறாகத் திட்டி ஒரு பேப்பரில் எழுதியிருந்த அன்று, அதைக் கிழித்து ஈரப் படங்களுக்குக் கீழே விரித்துவிட்டு, வந்த பொடியன்கள் எல்லோருக்கும் தன் கையால் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். அதைப் பார்த்துத்தான் அவரை நம்பினேன்.

அடுத்த மாரிக் குளிரில் என் தம்பி செத்துப்போனான். பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் வேலை செய்தவன். வேலைக்குப் போகும்போது ஐஸில் கார் வழுக்கி நெஞ்சில் அடி. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. நித்திரை கொள்கிறவன் மாதிரிக் கிடந்தான்.

அம்மா யாழ்ப்பாணத்தில். எங்களில் செத்தவீடு என்றால் படம் பிடிக்கவேண்டும். பெட்டியைச் சற்று நிமிர்த்தி வைத்து, சொந்தக்காரர் சுற்றிவர நின்று, பிரேதத்தின் முகம் தெளிவாகத் தெரிய எடுக்கவேண்டும். வரமுடியாதவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அழுது தீர்ப்பார்கள். பெற்ற பிள்ளை இனி இல்லை என்று அம்மா அறிந்துகொள்ள அதை விட்டால் வேறு வழி இல்லை.

கிழவரிடம் கேட்டேன். "நான் செத்தவர்களை எடுப்பதில்லை," என்றார். கெஞ்சினேன். பார்க்காமல் அம்மா நம்பமாட்டா என்று அழுதேன். கடைசியில், "சரி, வருகிறேன்," என்றார். பெரிய படப்பிடிப்பாளர் வருகிறார் என்று எங்கள் ஆட்களில் ஒருவரும் கமரா கொண்டுவரவில்லை.

கிரியை முடிந்து படம் எடுக்கிற நேரத்தில் எனக்குத் தலை சுற்றியது. பெண்கள் என்னைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய் இருத்தினார்கள். அந்த நேரம் பார்த்து இந்த மனிதர், கறுப்புக் கோட்டுப் போட்டு நின்ற செத்தவீட்டு மண்டபத்துக்காரனிடம் ஏதோ மெல்லச் சொல்லியிருக்கிறார். அவன் வந்து பெட்டியை மூடினான். எங்கள் சனம் என்ன செய்தது? கோட்டுப் போட்ட வெள்ளைக்காரன் மூடினால் அது இந்த நாட்டுச் சட்டமாக்கும் என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. ஆமிக்காரனுக்குப் பயந்து ஓடிவந்த சனம் இங்கே கோட்டுக்குப் பயந்தது. நான் திரும்பி வந்தபோது, படம் எடுத்து முடித்துத்தான் மூடியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படியே கொண்டுபோய் எரித்தாயிற்று.

படங்கள் காய்ந்ததும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சித்தப்பா குலுங்கி அழுகிறார். மச்சான் வாயில் லேஞ்சித் துணியை வைத்திருக்கிறான். எல்லாம் அச்சொட்டாக விழுந்திருந்தது. நடுவிலே பளபளவென்று ஒரு மரப்பெட்டி. தம்பி ஒரு படத்திலும் இல்லை.

"என் தம்பியின் முகம் எங்கே?"

"செத்தவன் நம்மைத் திருப்பிப் பார்க்க முடியாது," என்றார். "நாம் மட்டும் அவனைப் பார்ப்பது அவனுக்கு அவமானம். எங்களில் அப்படிச் செய்வதில்லை. உன் தம்பியை என் தம்பியாகத்தான் நினைத்தேன்."

"அவன் உங்கள் தம்பி இல்லை. எங்கள் செத்தவீட்டில் உங்கள் வழக்கத்தைக் காட்டச் சொல்லி யார் கேட்டது?" என்று கத்தினேன். "உங்கள் அம்மா செத்ததை நீங்கள் பார்த்தீர்களா?"

தாயை வியன்னாவில் விட்டுவிட்டு வந்தவர் அவர். எங்கே கொண்டுபோனார்கள், எப்படி முடிந்தது, ஒன்றும் தெரியாது.

"இல்லை," என்றார். "இப்போதும் தெருவில் மண்ணிறக் கோட்டுப் போட்ட கிழவி யாராவது போனால், முந்திப்போய் முகத்தைப் பார்ப்பேன். அம்மா இருந்தால் நூறு வயது தாண்டியிருக்கும். தெரியும். ஆனாலும் பார்ப்பேன்," என்றார்.

எனக்கு இரக்கம் வந்திருக்கவேண்டும். வரவில்லை.

"இவ்வளவும் தெரிந்துகொண்டா இதைச் செய்தீர்கள்? அதே தெருவில் என் அம்மாவையும் நடக்கவிட்டீர்களே."

அனுப்ப வேறு எதுவும் இல்லாததால் அந்தப் படங்களைத்தான் அம்மாவுக்கு அனுப்பினேன். வேலையை விடவில்லை. விட்டால் வாடகை யார் கட்டுவது? அவரோடு முகம் கொடுத்துக் கதைக்காமலே ஒரு வருடத்துக்கு மேல் அங்கே படம் வெட்டினேன்.

ஒருநாள் ஊரிலிருந்து புதிதாக வந்த அன்ரி ஒருவர் படம் எடுக்க வந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, கொம்மா கொழும்பில வந்து நிக்கிறா. தம்பிக்குப் பொம்பிளை பாத்திட்டா. ரீச்சர் பிள்ளையாம், சாதகமும் பொருந்தியிருக்காம். அவன் செத்திட்டானெண்டு நாங்கள் எவ்வளவு சொல்லியும் கேக்கிறா இல்லை. பெட்டிக்குள்ள ஆர் கிடந்ததெண்டு நீங்கள் கண்டனீங்களோ எண்டு கேக்கிறா. பொம்பிளை பகுதியும் நம்பியிட்டினம்."

அன்றைக்கே ஸ்ரூடியோவிலிருந்து, அன்ரி தந்த நம்பருக்கு, கொழும்புக்குப் போன் எடுத்தேன். கிழவர் பக்கத்தில் நின்றார்.

"அம்மா, தம்பி செத்திட்டான். உன்னாணைச் சொல்லுறன். நான் பக்கத்தில நிண்டனான்."

"பொய் சொல்லாதை," என்றா அம்மா. "என்ரை பிள்ளை செத்திருந்தா முகத்தைக் காட்டியிருப்பியள். உவன் வெள்ளைக்காரியைக் கட்டிப்போட்டான். அதை மறைக்க வெறும் பெட்டியைச் சுத்தி நிண்டு படம் பிடிச்சு அனுப்பியிருக்கிறியள். நான் என்ன விசரியே?"

கொழும்பில் ஒரு ரீச்சர் பிள்ளை என் செத்த தம்பிக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். அவளையாவது விடுவிக்கவேண்டும்.

"ஓம் அம்மா," என்றேன். "கட்டிப்போட்டான்."

தூற்றுவா என்று நினைத்தேன்.

"சோறு கறி சமைப்பாளோ?" என்று கேட்டா.

"சமைப்பாள், அம்மா."

"சரி, பொம்பிளை பகுதிக்கு நான் ஏதும் சொல்லிச் சமாளிக்கிறன். நீ கலியாணப் படத்தையாவது ஒழுங்கா எடுத்து அனுப்பு. அவன்ரை முகம் வடிவாத் தெரியவேணும்."

போனை வைத்தேன். "அம்மா என்ன சொன்னார்?" என்று கிழவர் கேட்டார். ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"இருங்கள்," என்றேன். "இருந்து நன்றாக யோசியுங்கள். அந்தக் கலியாணப் படத்தை எப்படி எடுக்கப்போகிறீர்கள்?"