இடப்பக்கம் விழும் தட்டு

சனிக்கிழமை காலையானால் இந்த அமெரிக்க ஊரில் படித்த மனிதர்கள் பிளாஸ்டிக் தட்டோடு பேசுகிறார்கள். "போ செல்லம், திரும்பாதே" என்று கெஞ்சியபடி வீசுகிறார்கள். சங்கிலி தொங்கும் இரும்புக் கூடையில் அது விழுந்துவிட்டால் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். டிஸ்க் கோல்ஃப் என்று பெயர். என் மேலாளர் டேல் இதில் பரம பக்தர். தொண்ணூறுகளில் நான் சொந்த ஊரான ஏற்காட்டுக்கு விடுப்பில் கிளம்பியபோது ஒரு புதுத் தட்டைக் கையில் திணித்தார். அவருடைய சங்கம் வாங்கலாமா என்று யோசித்த டிஸ்டன்ஸ் டிரைவர், அதாவது தூரம் போவதற்கென்றே செய்த தட்டு. "உங்கள் மலைக்காற்றில் எறிந்து பார்த்துச் சொல். இது ஓவர்ஸ்டேபிள்" என்றார். ரொம்ப உறுதியானது போலும் என்று நினைத்து, "நேராகப் போகுமா?" என்றேன். "இல்லை, கடைசியில் கட்டாயம் இடப்பக்கம் விழும்" என்றார் பெருமையாக. கோணலாக விழுவதற்கு உறுதி என்று பெயர் வைக்கிற தேசம்!

ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் மேட்டில் எதிர்காற்று முகத்தில் அறைந்தது. கூட வந்தவர் என் அக்கா ஸ்டெல்லா, மிஷன் பள்ளி பி.டி. டீச்சர். கல்லூரி நாளில் வட்டு எறிதலில் மாநிலப் போட்டிக்குத் தேர்வானவர். பெண்பிள்ளை தனியாக மெட்ராஸ் போவதா என்று அப்பா அனுப்பவில்லை. அதன்பின் அவர் வட்டைத் தொடவில்லை. மாணவிகளுக்கும் த்ரோபால் மட்டுமே சொல்லிக்கொடுத்தார்.

நான் வீசினேன். தட்டு கையைவிட்டதும் இடப்பக்கம் புதரில் போய்ச் செருகிக்கொண்டது. மறுபடியும் அதே புதர்.

"ஏங்கண்ணு, இத எறியறதுக்கா அத்தன தூரம் போனே?"

"நான் எறியறதில்லீங்க்கா. அங்க பெரிய மனுசங்க எறியறாங்க."

"நொம்பப் பெரிய மனுசங்கதான். குடு இப்புடி."

முந்தானையைச் செருகிக்கொண்டு, இடுப்பைத் திருப்பி வீசினார். காற்றால் அதை அசைக்க முடியவில்லை. வெகுதூரம் நேராகப் போய், வேகம் அடங்கிய பிறகுதான் இடப்பக்கம் வளைந்து புல்லில் இறங்கியது. தட்டில் குறையில்லை, என் கையில்தான் பலமில்லை. அக்கா அது விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அன்னிக்கி மெட்ராஸ் போயிருந்தா செயிச்சிருப்பேன் கண்ணு" என்றார். "எனக்குத் தெரியும். அப்பனுக்குத்தான் தெரியாமயே போச்சு."

தட்டை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். "எதிர்காற்றில் அருமை, ஆனால் பலமுள்ள கைக்குத்தான். மிஷன் பள்ளியிலிருக்கும் என் சிஸ்டர் எறிந்து பார்த்தார்" என்று டேலிடம் சொன்னேன். "அங்கி தடுக்கவில்லையா?" என்றார். கன்னியாஸ்திரி என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்! இல்லை, கூடப்பிறந்தவர் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. ஆனாலும் சங்கத்தில் கன்னியாஸ்திரி கதையைத்தான் சொன்னார். அந்தக் கதைக்காகவே வாங்கினார்கள். இவர்களுடைய பரிசோதனையின் லட்சணம் இது.

அடுத்த வருடம் ஒரு நாள் அக்கா டெலிபோன் பூத்திலிருந்து பேசினார். "நம்ம பள்ளிக்கூடத்துப் பொம்பளப்பிள்ளைங்க மூணு பேரு வட்டு எறியறதுக்கு மெட்ராஸ் போறாங்க. ஊட்டு ஆளுங்க விடமாட்டேன்னாங்க. நானே கூட்டிட்டுப் போறேன்னு சண்ட போட்டுட்டேன்." சொல்லும்போது ரிசீவருக்குள் மலைக்காற்று இரைந்தது. "அங்க காத்து அடிக்குதா கண்ணு?"

ஜன்னலுக்கு வெளியே ஃபிர் மரங்கள் ஓர் ஊசியிலைகூட அசையாமல் நின்றன.

"அடிக்குதுங்க்கா" என்றேன், ரிசீவரைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டு.