ஞாயிற்றுக்கிழமைக் கவசம்

தர்மேந்திரன் எடுத்தது இரட்டைக் கத்தி. அதைச் சொல்லாமல் அவனைப் பற்றி எதைச் சொன்னாலும் பாதிதான் சொன்னதாகும்.

நாங்கள் விளையாடியது ராட்சத மிருகங்களை வேட்டையாடும் வீடியோ கேம். ஒரு வேட்டைக்கு நான்கு பேர் போகலாம். பத்துப் பன்னிரண்டு வகை ஆயுதங்கள் உண்டு, எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், கேட்க ஆளில்லை. ஆனால் ஆறு மாதம் சேர்ந்து விளையாடிப் பாருங்கள், ஒருவன் கையில் எடுத்த ஆயுதத்திலேயே அவன் குணம் வெளியே வந்துவிடும். சுங்காய் டவுனில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை லோரி ஓட்டும் தனேஷுக்குச் சம்மட்டி. நேரே போய் மிருகத்தின் மண்டையில் போடுவான், யோசிக்கிற வேலையே கிடையாது. அவன் தங்கை தினேஸ்வரிக்கு வில். எட்ட நின்று நிதானமாக அடிப்பாள், மேலே ஒரு தூசி விழாது. எனக்கு ஈட்டியும் கேடயமும். ஈப்போவில் அத்தாவின் சாப்பாட்டுக் கடையைப் பார்த்துக்கொள்ளும் முஸ்அப் என்கிற நான், எதற்கும் முதலில் கேடயத்தைத் தூக்குகிற ஆள். அடி வாங்காமல் இருப்பதுதான் எனக்கு வீரம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியது வேறு இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

இரட்டைக் கத்திக்காரனுக்குக் கேடயம் கிடையாது. கத்தியும் குட்டை. மிருகத்தின் வயிற்றுக்கு அடியில் போய் நின்றால்தான் எட்டும். ஒரு வெட்டு ஒன்றும் செய்யாது, முந்நூறு வெட்டு வெட்ட வேண்டும், விரல் ஓயக் கூடாது. தர்மா அதை ரசித்துச் செய்வான். மிருகம் காலைத் தூக்குவதற்குள் அந்தப் பக்கம் போயிருப்பான். கேமில் ஒரு விதி உண்டு: நால்வரில் யார் விழுந்தாலும் கணக்குதான், மொத்தம் மூன்று முறை விழுந்தால் வேட்டை முடிந்தது, வெறுங்கையோடு திரும்ப வேண்டும். அதனால் "வெளிய வாடா, செத்துத் தொலையப் போற" என்று கத்துவேன். "இரு மச்சான், இன்னும் ரெண்டு வெட்டு இருக்கு லா" என்பான். அந்த இரண்டு வெட்டில்தான் பல தடவை மிருகம் சாய்ந்தது.

வெளியிலும் அவன் கை அப்படித்தான். சுங்கை சிப்புட் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவன். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது அவன் குடும்பம் டவுனுக்கு வெளியே ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்தது. அப்பா இறந்துவிட்டார், வீட்டில் அவனும் அம்மா புஷ்பலதாவும்தான். ஈப்போ பக்கத்து ஜெலாப்பாங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அச்சு மெஷினில் நின்றான். தினமும் மோட்டாரில் போய் வருவான். மெஷின் வாய் திறக்கும், கையை விட்டு வார்ப்பை எடுக்க வேண்டும், மூடும். கதவு சாத்தினால்தான் அது ஓட வேண்டும். ஆனால் ஒவ்வொரு தடவையும் கதவைச் சாத்தித் திறந்தால் அன்றைய எண்ணிக்கை வராது என்று அங்கே எல்லாரும் சென்சாரில் டேப் ஒட்டி வைத்திருந்தார்கள். மேலே இருந்தவர்களுக்கும் தெரியும். எனக்கும் தெரியும், என் கடையில் பரோட்டா தின்றுகொண்டே அவன்தான் சிரித்துச் சொன்னான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

அந்த வாரம்தான் கேமில் ஒரு புது மிருகம் வரவிருந்தது. இருப்பதிலேயே கொடியது. நெற்றியில் கரிய கொம்பு, நாங்கள் அதற்குக் கருங்கொம்பன் என்று பெயர் வைத்திருந்தோம். முதல் தடவை நாலு பேரும் சேர்ந்துதான் அதை அடிப்பது என்று மாதக்கணக்கில் பேசி வைத்தது. புதன்கிழமை தர்மா ஆஸ்பத்திரியிலிருந்து போன் போட்டான். மருந்து மயக்கத்தில் நாக்குக் குழறியது. "வெள்ளிக்கிழம கருங்கொம்பன் வாரான் இல்ல? நான் வர்றவரைக்கும் இருங்கடா." நான் சரி என்றேன். "சனிக்கிழம பாக்க வாங்க." அதற்கும் சரி என்றேன்.

சனிக்கிழமை மாலை நான் போகவில்லை. கடையில் கூட்டம் என்று செய்தி அனுப்பினேன். தனேஷ் லோரி பழுது என்றான். தினேஸ்வரிக்குக் காய்ச்சலாம். எல்லாம் பொய். அந்தக் கையைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். மற்ற இருவருக்கும் அதே பயம் என்று பிறகு தெரிந்தது. மனசு ஒரு நிலையில் இல்லாமல் கேமைத் திறந்தால் அவர்கள் இருவரும் அங்கே நிற்கிறார்கள். "சும்மா ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வந்துருவோம்" என்றான் தனேஷ். நாற்பத்து மூன்று நிமிடம். மூன்று பேராகவே கருங்கொம்பனைச் சாய்த்துவிட்டோம். யாரும் கத்தவில்லை. தினேஸ்வரி மட்டும் மெதுவாக, "தர்மா அண்ணன்கிட்ட சொல்ல வேணாம்ணே" என்றாள்.

தர்மா மீண்டும் விளையாட வந்தபோது அக்டோபர் ஆகிவிட்டது. அதற்குள் அதே தொழிற்சாலை கேட்டில் காவலுக்கு நிற்கிற ஜாகா வேலை கொடுத்திருந்தார்கள். அவனுக்குக் கல்யாணம் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் பேச்சை விட்டுவிட்டார்கள். அதை அவன் ஒரே வரியில் சொன்னான், நாங்கள் அதற்கு மேல் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு அவனுக்கு வேலை. மூன்றிலிருந்து ஆறு வரை எங்களோடு இருப்பான்.

வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "கருங்கொம்பன் என்ன ஆனான்?"

"நீ இல்லாம நாங்க போவமா மச்சான்" என்றான் தனேஷ். நான் வாயைத் திறக்கவில்லை, கேடயத்துக்குப் பின்னால் நிற்பவன் அல்லவா.

இரட்டைக் கத்தியை அவன் விட்டுவிட்டான். கன்ட்ரோலர் பிடித்தவர்களுக்குத் தெரியும், மேல் விளிம்பில் இருக்கிற பொத்தான்களை அந்த இரண்டு விரல்கள்தான் அழுத்த வேண்டும். இப்போது அவன் எடுத்தது பெருவாள். ஆளுயரப் பலகை மாதிரி ஒரு இரும்பு. அதற்கு வேகம் தேவையில்லை. மிருகம் எங்கே வந்து நிற்கும் என்று முன்கூட்டியே கணித்து, அங்கே போய் வாளை ஓங்கிக்கொண்டு காத்திருந்து, சரியான நொடியில் ஒரே போடு. கட்டை விரல் போதும். ஆனால் விலகி ஓட மேல் பொத்தான் வேண்டும். அதை மோதிர விரலால் அழுத்தப் பழகிக்கொண்டிருந்தான், எப்போதும் அரை நொடி பிந்தும். அந்த அரை நொடியில் கருங்கொம்பன் அவனைத் தூக்கி எறிந்துவிடும். மூன்று தடவை விழுவான், வேட்டை முடியும். அடுத்த வாரமும் அதே கதைதான்.

இங்கே கவசத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த கேமில் உடுப்பைக் காசு கொடுத்து வாங்க முடியாது. எந்த மிருகத்தைக் கொன்றாயோ அதன் தோலிலும் கொம்பிலும்தான் கவசம் செய்துகொள்ளலாம். ஆகையால் ஒருவனைப் பார்த்தாலே அவன் எதையெல்லாம் கொன்றிருக்கிறான் என்று தெரிந்துவிடும். எங்கள் மூவரிடமும் கருங்கொம்பன் கவசம் முழுசாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு முன்னால் அதையெல்லாம் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, போன வருஷத்துப் பழைய கவசத்தை மாட்டிக்கொண்டு அவனுக்காக நிற்போம்.

அதோடு விட்டோமா? நடிக்கவும் செய்தோம். தினேஸ்வரி வேண்டுமென்றே அம்பைத் தவற விடுவாள். எழுபது தடவை பார்த்த பாய்ச்சலைப் பார்த்து, "அடேயப்பா, இது என்னடா இப்படிப் பாயுது" என்று நான் வாயைப் பிளப்பேன். முன்பெல்லாம் யார் விழுந்தாலும் நான் ஏசுகிற ஏச்சில் தனேஷ் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிடுவான். இப்போது தர்மா விழுந்தால், "பரவாயில்ல மச்சான், பரவாயில்ல." ஒரு மாலையில் எத்தனை பரவாயில்லை. அவனும் முதலில் சிரித்தான், பிறகு சிரிப்பதை விட்டான்.

ஆறு மணிக்கு அவன் வேலைக்குக் கிளம்பியதும் நாங்கள் நல்ல கவசத்தை மாட்டிக்கொண்டு ஒழுங்காக விளையாடுவோம். ஒருநாள் அவன் பெயர் திரையிலிருந்து மறைந்த மறுநொடி தனேஷ், "அப்பாடா" என்றான். மூன்று பேருக்கும் அது கேட்டது. மூன்று பேரும் கேட்காத மாதிரி இருந்துவிட்டோம்.

இப்படி ஐந்து மாதம் போனது. நோன்பு வந்தது. நோன்பு மாதத்தில் பிற்பகல்தான் எங்கள் கடையில் உயிர் போகிற நேரம், நோன்பு திறக்க வருகிற கூட்டத்துக்கு ஆக்கி இறக்க வேண்டும். அந்த ஞாயிறு வெறும் வயிற்றோடு அடுப்படியில் நின்றுவிட்டு, மாடிக்கு ஓடி, மூன்றேகாலுக்குத்தான் கேமைத் திறந்தேன். மற்றவர்கள் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். போய் நின்றேன். ஹெட்போனில் ஒரு சத்தமும் இல்லை. பிறகுதான் பார்த்தேன், என் தலையில் கருங்கொம்பனின் கொம்பு.

"நல்லாருக்கு மச்சான்" என்றான் தர்மா.

தனேஷ் ஏதோ ஆரம்பித்தான், "அது வந்து லா, நேத்துத்தான்..."

விளையாடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை உண்டு. எந்த மிருகத்தை எத்தனை முறை கொன்றோம், முதல் தடவை எப்போது, எல்லாம் அதில் தானாகப் பதிவாகும். யாருடையதையும் யாரும் திறந்து பார்க்கலாம். தர்மா என்னுடையதைத் திறந்தான். "எழுபத்தி மூணு தடவ" என்று படித்தான். பிறகு, "மொத தடவ ஆகஸ்ட் பத்து. சனிக்கிழம, சாயங்காலம் ஆறே கால்."



"அன்னைக்கு நீங்க மூணு பேரும் வாரீங்கன்னு அம்மாவ கேண்டீன்ல கறிபாப் வாங்கி வைக்கச் சொன்னேன்" என்றான். குரலில் கோபமே இல்லை. "சரி, நான் வேலைக்குப் போறேன்." மணி மூன்றரைகூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு அவன் போனை எடுக்கவில்லை. செய்திகளைப் பார்த்தான், பதில் போடவில்லை. பெருநாள் முடிந்த அடுத்த வாரம் பிரியாணியைப் பொட்டலமாகத் தாப்பாவ் பண்ணிக்கொண்டு சுங்கை சிப்புட்டுக்குப் போனேன். விபத்துக்குப் பிறகு அவன் வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. அவன் அம்மா கதவைத் திறந்து, "வா தம்பி, ஆளையே காணோமே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே திரும்பி ஓடிவிடலாம் போல் இருந்தது.

தர்மா முன்னறையில் தரையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தான். கன்ட்ரோலரை முழங்காலில் சாய்த்து, மோதிர விரலை மேலே கொக்கி போட்டிருந்தான். "உக்காரு மச்சான். இப்ப நிறுத்த முடியாது." அவனோடு மூன்று பேர் வேட்டையில் இருந்தார்கள். பெயர்கள் எந்த நாட்டு எழுத்தோ, எனக்குப் படிக்க வரவில்லை.

"அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு வராதது தப்புதான்டா" என்றேன். "பயந்துட்டேன்."

"அது தெரியும் லா. கட்டுப் பிரிச்சப்ப நானே பாக்கல, அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்."

"கருங்கொம்பன நீ இல்லாம அடிச்சதும்..."

"அடிச்சா அடிச்சிட்டுப் போங்க. கேம்தான." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கொஞ்ச நேரம் விளையாடினான். "நான் வரும்போதெல்லாம் பழச மாட்டிக்கிட்டு நின்னீங்க பாரு, அதான் மச்சான். வாரா வாரம் நாம நாலு பேரும் சேந்து தோக்குறோம்னு நெனச்சேன். தோத்தது நான் மட்டுந்தான்."

அதற்குள் திரையில் மிருகம் அவனைச் சுவரோடு வைத்து அடித்தது. விழுந்தான். அது மூன்றாவது விழுகை, வேட்டை முடிந்தது. உடனே அந்த முகம் தெரியாதவர்களில் ஒருவன் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து அனுப்பினான். திரும்பச் சொல்லக்கூடிய வார்த்தைகள் இல்லை. தர்மா அதைப் படித்துச் சிரித்தான். நிஜமான சிரிப்பு.

"என்னடா இப்படி ஏசுறான்?"

"ஏசட்டும் லா. இவனுங்களுக்கு என் கைய பத்தித் தெரியாது."

"ஞாயித்துக்கிழம வா மச்சான்" என்றேன். "இனிமே ஒளிவு மறைவு இல்ல. என்ன போட்டிருக்கோமோ அதோடயே நிப்போம்."

அவன் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தான். "நான் விழுந்தா நீ ஏசுவியா? முன்ன மாதிரி?"

ஏசுவேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் கண் அவன் கைக்குப் போய்விட்டது. அவனும் அதைப் பார்த்துவிட்டான். அம்மாவைக் கூப்பிட்டு எனக்குத் தேத்தண்ணி போடச் சொல்லிவிட்டு, அடுத்த வேட்டைக்கு ஆள் தேட ஆரம்பித்தான்.