சிட்லபாக்கத்தில் இலவச நியாயம்

சிட்லபாக்கத்தில் ஒருவர் ஞாயிறுதோறும் இலவசமாகத் தீர்ப்பு சொல்கிறாராம். போலீசுக்குப் போகிறவர்கள்கூட முதலில் அங்கேதான் போகிறார்களாம். மஸ்கட்டில் என்னோடு வேலை பார்த்த லாசரஸுக்கு அவருடைய மச்சான் கடிதத்தில் எழுதிய செய்தி. தெருப் பெயரையும் கேட்டேன். அது என் அக்கா வீடு.

அக்கா நாகலக்ஷ்மியின் கணவர், என் அத்திம்பேர் ஸ்ரீநிவாசராகவன், ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து 1990-இல் ஓய்வு பெற்றவர். தர்க்கத்தின் மேல் பித்து. கேட்டில் ஒரு போர்டு மாட்டினார்: 'நியாயம்: ஓர் அறிமுகம். ஞாயிறு காலை 10 மணி. இலவசம்.' அவர் நினைத்தது பழைய தத்துவத்தின் ஆறு தரிசனங்களில் ஒன்றான நியாயத்தை. ஒன்றை எப்படி அறிகிறோம், அறிந்தது சரிதானா என்று சோதிக்கிற சாஸ்திரத்தை. ஊர் நினைத்தது ஊர் நியாயத்தை. முதல் வாரமே பக்கத்து வீட்டில் தென்னை மட்டை விழுந்த தகராறு வந்து நின்றது.

அத்திம்பேர் விடவில்லை. வந்தவர்களுக்கே பாடம் எடுத்தார்.

"மலையில நெருப்பு இருக்கு. ஏன்? புகை வரது. புகை இருக்கற எடத்துல நெருப்பு இருக்கும், அடுக்களை மாதிரி. அதே புகைதான் மலையிலயும். ஆகையால நெருப்பு இருக்கு. அஞ்சு படி."

"பச்சைமலையா சார்? அது கல்லு ஒடைக்கிற தூசி," என்றார் மட்டைக்காரர் சாம்பசிவன்.

"போலிக் காரணம்! அதுவும் சாஸ்திரத்துல இருக்கு!" அத்திம்பேருக்குப் புல்லரித்துவிட்டது.

"இருக்கட்டும் சார். என் மட்டை?"

92-இல் லீவு போட்டு ஓடிவந்தேன். அந்த ஞாயிறு அக்கா கெடு வைத்திருந்தாள். "நெஜமா படிக்கறவா ஒருத்தராவது சேரலைன்னா, இன்னிக்குப் போர்டைக் கழட்டிடணும்." ஒரே நம்பிக்கை, சேலையூரில் வேலை பார்க்கும் ஆசிரியை அபிதகுஜாம்பாள். சேருவதானால் பதினொரு மணிக்குப் போன் செய்வதாகச் சொல்லியிருந்தார். அத்திம்பேர் வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிவிட்டு, போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் தெருக்காரர்கள் கங்கையம்மாளும் எல்லம்மாவும் ஒரு வழக்கோடு வந்துவிட்டார்கள்.

"நான் காயப்போட்ட வடாத்த இவ ஆடுதான் துன்னுச்சு சார்," என்றாள் கங்கையம்மாள்.

"காரணம்?"

"அதும் தாடியில வடாம் ஒட்டிகினு கீது."

"உன் மூஞ்சிலதான் மஞ்சா ஒட்டிகினு கீது. மஞ்சா காட்டையே மேஞ்சிட்டியா?" என்றாள் எல்லம்மா.

"எதிர் உதாரணம்! பேஷ்!"

போன் அடித்தது. அத்திம்பேர் துள்ளி எழுந்தார். கங்கையம்மாள் குறுக்கே நின்றாள்.

"குந்து சார். அந்த டீச்சரம்மாதான். என் கேஸ முடிச்சிட்டுப் பேசு."

"டீச்சர்தான்னு எப்படிச் சொல்றே?"

"பதினொண்ணு ஆச்சு, மணி அடிக்குதே."

அத்திம்பேரின் கால் நின்றது. "சொன்னது ஒண்ணு, காரணம் ஒண்ணு, ரெண்டு படி ஆச்சு. உதாரணம்?"

"ஏன்னா, எடுங்கோளேன்!" அடுக்களையிலிருந்து அக்கா கத்தினாள்.

"இரு நாகு, மூணாவது படி பாக்கி."

"அவ தப்பா சொல்லுவா சார், நான் சொல்றேன்," என்று எல்லம்மா முன்னால் வந்தாள். கங்கையம்மாள் அவளை இடித்துத் தள்ளிவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு யோசித்தாள். நான் போனை எடுக்கப் போனேன். பாடம் நடக்கிறது என்பதுபோல் அத்திம்பேர் கையை நீட்டித் தடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.