பிசிறில்லாத இருபது அட்டைகள்

இருபது படங்களையும் டெய்லரம்மா மளமளவென்று சேர்த்துவிட்டாள். பாதிக் குடையோடு மீதிக் குடை, பாதிச் செருப்போடு மீதிச் செருப்பு, பாதி அடுப்போடு மீதி அடுப்பு. ஒன்றுகூடத் தப்பவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அவள் புருஷன் சந்தோஷத்தில் மேஜையை ஓங்கித் தட்ட, தண்ணீர் டம்ளர் உருண்டு போய்த் தரையில் விழுந்தது.

"அப்படிப் போடு! இனிமே உன்னை யாரு என்ன சொல்றது?" என்றான்.

அவன் லிப்ட் மெக்கானிக். எட்டு மாதத்துக்கு முன்பு மனைவிக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதிலிருந்து வேலைக்குப் போகாமல் வீட்டோடு கிடந்தான். அளவெடுக்கிற நேரத்துக்குள் தெருவிலுள்ள அத்தனை வீட்டுக் கதையையும் பேசித் தீர்க்கிறவள் அவள். இப்போது 'ம்', 'வேணாம்', 'இது' என்ற மூன்றை வைத்துக்கொண்டு காலம் தள்ளினாள். வார்த்தை போனதுகூடப் பரவாயில்லை. எது என்ன பொருள் என்பதே சில சமயம் குழம்பிவிடும். ஒருநாள் எரிகிற அடுப்பின் மேல் பிளாஸ்டிக் கூடையை வைத்துவிட்டாள். நல்லவேளை, மெக்கானிக் பக்கத்திலேயே இருந்தான்.

அதனால்தான் இந்த அட்டை வேலை. கெட்டி அட்டையில் படம் ஒட்டி, நடுவில் வெட்டி, ஜோடி சேர்க்கச் சொல்லிப் பழக்குங்கள் என்று ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டீச்சர் சொல்லியிருந்தாள். செவ்வாய்க்கிழமை அதே அட்டைகளோடு வரச் சொல்லியிருந்தாள். டெய்லரம்மாவைப் பகலில் தனியாக விடலாமா கூடாதா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். விடலாம் என்றால் புதன்கிழமை மெக்கானிக் வேலையில் சேரலாம். "புதன்கிழமை வரலைன்னா வேற ஆளைப் போட்டுருவேன், என்னைத் தப்பா நினைக்காதே" என்று சூப்பர்வைசர் சொல்லியாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மச்சினிச்சி வந்தாள், டெய்லரம்மாவின் தங்கை. மிட்டாய்க் கம்பெனியில் பேக்கிங் வேலை. வாரத்தில் அந்த ஒருநாள்தான் அவளுக்கு ஓய்வு, அதிலும் வாழ்த்து அட்டை செய்து விற்பாள். அட்டை வெட்ட மெக்கானிக் இரவல் வாங்கி வைத்திருந்த டிரிம்மர் அவளுடையது. பலகை மேல் பிளேடு வண்டி மாதிரி ஓடுமே, அந்தச் சாதனம். அட்டைகளைக் கையில் எடுத்தவள் அலறிவிட்டாள்.

"ஐயோ மாமா! என்ன இது, எலி கொறிச்ச மாதிரி இருக்கு? எப்படித்தான் வெட்டினீங்க?"

"எப்படின்னா? மூணு அட்டையை ஒண்ணா அடுக்கி வெச்சு, முன்னும் பின்னுமா நாலு இழு இழுத்தேன்."

"அது என்ன ரம்பமா? லிப்ட் கயிறுன்னு நினைச்சீங்களா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். டிரிம்மரைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். பிளேடு மழுங்கிப்போயிருந்தது. பிளேடுக்கு அடியில் பதித்திருக்கிற பிளாஸ்டிக் பட்டையும் குழிந்து பிய்ந்திருந்தது. "பாருங்க, அடியில தாங்குறதுக்கு ஒண்ணுமே இல்லை. அப்புறம் அட்டை கிழியாம என்ன செய்யும்?"

பட்டையை நெம்பி எடுத்து மறுபக்கம் திருப்பிப் போட்டாள். பைக்குள்ளிருந்து புது பிளேடை எடுத்து மாட்டினாள். மெக்கானிக்குக்கு ரோஷம் வந்துவிட்டது. புதிதாக இருபது படம் ஒட்டிக் காயவைத்து, அவள் சொன்னபடியே வெட்டினான். ஒரு தடவைக்கு ஒரே அட்டை. அட்டையின் மேல் விளிம்பைப் பலகையின் ஓரச் சட்டத்தோடு ஒட்டினாற்போல் வைத்து, பிளேடு ஓடுகிற தடத்துக்குப் பக்கத்திலேயே இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதலில் லேசாக ஒரு இழுப்பு, அப்புறம் அதே திசையில் இன்னொன்று. திரும்ப வரக்கூடாது. ஓரம் வழுவழுவென்று வந்தது. அவனுக்கே பெருமையாக இருந்தது.

அன்று சாயங்காலம் புது அட்டைகளை மனைவி முன்னால் பரப்பினான். அவள் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் ஓரத்தை வருடினாள். இன்னொன்றை எடுத்து வருடினாள். படத்தைப் பார்க்கவே இல்லை. இருபதில் எட்டுதான் சேர்ந்தது. பாதி அடுப்பைப் பாதிக் கட்டிலோடு சேர்த்து வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

மெக்கானிக்குக்கு அப்போதுதான் உறைத்தது. இருபத்தைந்து வருஷம் துணி வெட்டியவள். முன்துண்டு, பின்துண்டு, கை, கழுத்து என்று கலந்து கிடக்கிற துண்டுகளை ஓரத்தில் போட்ட சின்ன வெட்டுக்குறியைத் தடவியே சேர்ப்பாள். அவன் கிழித்த பழைய அட்டைகளிலும் ஒரு பக்கம் பல் நீட்டிக்கொண்டிருந்தால் மறுபக்கம் அதற்கேற்ற பள்ளம் இருந்தது. அவள் குடையையும் சேர்க்கவில்லை, அடுப்பையும் சேர்க்கவில்லை. பிசிறைச் சேர்த்திருக்கிறாள்! பாவி, நான் இதற்கா மேஜையைத் தட்டினேன் என்று நொந்துபோனான்.

பழைய அட்டைகள் ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தன. அவற்றைக் கொண்டுபோனால் இருபதுக்கு இருபது. டீச்சருக்கு என்ன தெரியப்போகிறது? வேலை நிலைக்கும். அவனை யாரும் குறை சொல்லப்போவதில்லை. திங்கள் முழுக்க இதையேதான் யோசித்தான். செவ்வாய்க் காலையில் பழைய அட்டைக்கட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசல்வரைக்கும் போய்விட்டான். டெய்லரம்மா செருப்பு மாட்டத் தெரியாமல் இடது காலை வலது செருப்பில் நுழைத்துக்கொண்டு நின்றாள். அவன் குனிந்து மாற்றிப் போட்டுவிட்டான். உள்ளே திரும்பிப் போய், பழைய அட்டைக்கட்டைக் குப்பைக்கூடையில் எறிந்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது சேர்ந்தது. அடுப்பு சேரவில்லை.

"முன்னைக்கு இப்போ தேவலை. ஆனா தனியா விட வேணாம். இன்னும் மூணு மாசமாவது ஆளு கூடவே இருக்கணும்" என்றாள் டீச்சர். பழைய அட்டைகளின் கதையையும் மெக்கானிக் அவளிடம் ஒளிக்காமல் சொன்னான். அவள் அதையும் குறித்துக்கொண்டாள். "விரல் மறக்கலை பாருங்க. அதை வெச்சுத்தான் மத்ததைக் கூட்டிட்டு வரணும்" என்றாள்.

வராந்தா பெஞ்சில் மனைவியை உட்காரவைத்து, கையில் அட்டைகளைக் கொடுத்துவிட்டு, மெக்கானிக் சூப்பர்வைசருக்குப் போன் போட்டான். நாளைக்கு வர முடியாது சார் என்றான். அந்தப் பக்கம் சத்தம் கிளம்பியது. பதினெட்டு வருஷ வேலையய்யா, யோசிச்சுப் பேசு, அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதே என்று சூப்பர்வைசர் பொரிந்து தள்ள, இவன் சுவரைப் பார்த்தபடி நின்றான்.

டெய்லரம்மா அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் தன்னிடம் தையல் பழகிய அப்ரண்டிஸ் பெண்கள் வெட்டிய துணியை அப்படித்தான் பிடித்துப் பார்ப்பாள். அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பிசிறே இல்லை" என்றாள். மூச்சு வாங்கினாள். "நல்லா... வெட்டியிருக்கீங்க."

போனில் சூப்பர்வைசர், கேக்குதா, கேக்குதா என்று கத்திக்கொண்டே இருந்தார்.

"கொஞ்சம் இருங்க சார்" என்றான் மெக்கானிக். "என் பொண்டாட்டி பேசிட்டிருக்கா."